தலாஸ் போரும் காகிதமும்: நான் எழுதிய ஒரு வரிக்குத் திருத்தம்

இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கி.பி. 751. மத்திய ஆசியாவில் தலாஸ் ஆற்றங்கரை. ஒரு பக்கம் சீனாவின் தாங் படை, மறுபக்கம் அப்போதுதான் ஆட்சிக்கு வந்திருந்த அப்பாசிய கலீஃபாக்களின் படை. சண்டை நடக்கும்போதே சீனர்களோடு வந்த கார்லுக் துருக்கியர் கட்சி மாறுகிறார்கள், சீனப்படை சிதறுகிறது. பிடிபட்ட கைதிகளில் சிலருக்குக் காகிதம் செய்யும் தொழில் தெரியும். அவர்களைச் சமர்கந்துக்குக் கொண்டுபோய்ப் பட்டறை போட வைக்கிறார்கள். அங்கிருந்து பாக்தாத், கெய்ரோ, ஸ்பெயின், இத்தாலி, கடைசியில் குட்டன்பர்க். ஒரே ஒரு போர், உலகத்தின் அறிவு வரலாறே மாறிப்போச்சு!

நானும் இதை எழுதியிருக்கிறேன். இதே வலைப்பதிவில், இடைக்கால நாகரிகங்கள் பற்றிய ஒரு பழைய குறிப்பில், "தலாஸ் போர்க் கைதிகள் மூலம் காகிதம் இஸ்லாமிய உலகுக்கு வந்தது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். எங்கே படித்தேன் என்றுகூட யோசிக்கவில்லை. எங்கே பார்த்தாலும் இருக்கிற வரி, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு.

போன வாரம் வேறொரு விஷயத்துக்காகச் சமர்கந்தின் காலவரிசை ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். 712: அரபுத் தளபதி குதைபா இப்னு முஸ்லிம் சமர்கந்தைப் பிடித்தார். அதற்குக் கொஞ்சம் கீழே 751: தலாஸ். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்ததும்தான் உறுத்தியது. நடுவில் 39 வருஷம் இருக்கிறது. பட்டுப்பாதையின் நடு ஊரில் அவ்வளவு நாள் இருந்தவர்கள் கண்ணில் காகிதம் படவே இல்லையா? சீனாவிலிருந்து பட்டு வந்தது, செய்தி வந்தது. காகிதம் மட்டும் ஒரு தோற்ற படை வந்து சேரும்வரை காத்திருந்ததா? அங்கே ஆரம்பித்துப் பார்த்ததில் தேறியதைத்தான் கீழே எழுதுகிறேன்.

கதையைச் சொன்னது யார்?

கைதிகள் கதையின் முக்கியமான மூலம் அல்-தஆலிபி. நிஷாபூர்க்காரர், 961இல் பிறந்து 1038இல் இறந்தவர். ஊர்களின் சிறப்புகளைச் சுவாரசியமாகத் தொகுத்துச் சொல்லும் நூல் ஒன்று எழுதினார். அதில் சமர்கந்தின் பெருமைகளில் ஒன்றாகக் காகிதத்தைச் சொல்லும்போது, தளபதி ஸியாத் இப்னு ஸாலிஹ் பிடித்துவந்த சீனக் கைதிகளில் காகிதம் செய்வோர் இருந்தார்கள் என்கிறார். அதுவும் தன் சொந்தத் தகவலாக இல்லை, முந்தைய நூல் ஒன்று சொல்வதாக. ஸியாத் இப்னு ஸாலிஹ்தான் தலாஸில் அரபுப் படையை நடத்தியவர். இந்தப் பெயர் வழியாகத்தான் கதை 751ஆம் ஆண்டோடு ஒட்டிக்கொண்டது.

இன்னொரு சாட்சி சாதாரண ஆள் இல்லை, அல்-பிரூனி. இந்தியாவைப் பற்றி 1030 வாக்கில் எழுதிய நூலில், எழுதுபொருள்கள் பற்றிப் பேசும் இடத்தில், சீனக் கைதிகள் காகிதத் தொழிலைச் சமர்கந்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று போகிற போக்கில் சொல்கிறார். எந்தப் போர், எந்த வருஷம் என்பதெல்லாம் இல்லை.

இரண்டு பெரிய பெயர்கள்தான். ஆனால் இருவரும் ஒரே காலத்தவர்கள், கிட்டத்தட்ட ஒரே வட்டாரத்தில் புழங்கியவர்கள். நிகழ்ச்சிக்கும் அவர்களுக்கும் இடையே ஏறத்தாழ 280 ஆண்டுகள். இருவரும் ஒரே பேச்சைக் கேட்டு எழுதியிருந்தால் அது இரண்டு சாட்சி ஆகாது. ஒரே சாட்சியை இரண்டு தடவை எண்ணுகிறோம், அவ்வளவுதான்.

இவர்களுக்கு ஒரு தலைமுறை முந்தியவர் இப்னு நதீம். பாக்தாதில் புத்தகத் தொழிலில் இருந்தவர், அதாவது காகிதம் அவருடைய தினசரிப் பிழைப்பு. 987இல் அவர் தொகுத்த நூற்பட்டியல் புகழ்பெற்றது. அதில் குராசான் காகிதம் எப்போது தோன்றியது என்ற பேச்சு வருகிறது. அவர் ஒரு பதில் சொல்லவில்லை, பல பதில் சொல்கிறார்: உமையா ஆட்சியில் என்கிறார்கள் சிலர், அப்பாசியர் ஆட்சியில் என்கிறார்கள் சிலர்; அது பழசு என்போரும் உண்டு, புதுசு என்போரும் உண்டு; சீனத் தொழிலாளிகள் குராசானில் செய்தார்கள் என்றும் ஒரு பேச்சு. தொழிலுக்குள்ளேயே இருந்த மனிதருக்கு அன்றைக்கே உறுதியாகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் எப்படி 751 என்று துல்லியமாகத் தெரிந்தது?

கைதியே எழுதிய குறிப்பு

தலாஸில் பிடிபட்ட ஒருவர் எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதுதான் இதில் பெரிய அதிர்ஷ்டம். அவர் பெயர் து ஹுவான். பத்து வருஷத்துக்கு மேல் அரபு நாடுகளில் இருந்துவிட்டு, 762இல் கப்பலேறிச் சீனாவின் குவாங்சௌ துறைமுகத்தில் இறங்கினார். தன் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். முழுப் புத்தகம் தொலைந்துவிட்டது. ஆனால் அவருடைய உறவினர் து யோவ் 801இல் முடித்த கலைக்களஞ்சியத்தில் சில பகுதிகளை எடுத்துச் சேர்த்ததால் அவை பிழைத்தன.

கூஃபா நகரத்தில் தான் கண்ட சீனத் தொழிலாளிகளைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். பட்டு நெய்கிறவர்கள் இருந்தார்கள், பொன் வெள்ளி வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள், ஓவியர்கள் இருந்தார்கள். சிலருடைய பெயரையும் சொந்த ஊரையும்கூடக் குறித்திருக்கிறார். காகிதம் செய்பவர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதை வைத்துக்கொண்டு "பார்த்தீங்களா, கதை பொய்!" என்று குதிக்கக்கூடாது. அவர் சொல்வது கூஃபாவைப் பற்றி, சமர்கந்தைப் பற்றி இல்லை. கிடைத்திருப்பதோ துண்டு துண்டான பகுதிகள். ஒருவர் சொல்லாமல் விட்டதால் ஒன்று நடக்கவில்லை என்று ஆகாது. இன்னும் நேர்மையாகச் சொன்னால், தொழில் தெரிந்த கைதிகள் அரபு நகரங்களில் வேலை பார்த்தார்கள் என்பதை து ஹுவான் உறுதிப்படுத்துகிறார். கதையின் அந்தப் பாதி நம்பும்படியாகவே இருக்கிறது. இடறுவது மறுபாதி: அதற்கு முன்னால் அங்கே காகிதமே கிடையாது என்பது.

ஏற்கெனவே அங்கே இருந்த காகிதம்

1907இல் ஔரெல் ஸ்டெய்ன், துன்ஹுவாங்குக்கு மேற்கே சீன எல்லைச் சுவரின் காவல் கோபுரம் ஒன்றில் ஒரு கடிதக் கட்டைக் கண்டெடுத்தார். எப்படியோ போய்ச்சேராமல் நின்றுபோன தபால். எழுதியவர்கள் சோக்தியர்கள், அதாவது சமர்கந்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சொந்த ஊராகக் கொண்ட வணிகர்கள். ஒன்று நனைவந்தக் என்ற வணிகர் சமர்கந்தில் இருக்கும் தன் முதலாளிகளுக்கு அனுப்பியது. லுவோயாங் நகரம் எரிந்தது, சீனாவில் இருந்த நம் ஆட்கள் பட்டினியில் செத்தார்கள் என்று விவரிக்கிறது. இன்னொன்று மிவ்னாய் என்ற பெண் எழுதியது. கணவன் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போனதால் மகளோடு நிர்க்கதியாக நிற்கிறாள். உனக்குப் பெண்டாட்டியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்று அவனுக்கு எழுதுகிறாள். லுவோயாங் 311இல் சூறையாடப்பட்டதை வைத்து, இந்தக் கடிதங்களின் காலத்தை 312-313 என்று கணித்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதங்கள் எல்லாம் காகிதத்தில் எழுதப்பட்டவை. தலாஸுக்குக் கிட்டத்தட்ட 440 வருஷம் முன்னால், சமர்கந்து முகவரிக்கு, சமர்கந்து மொழியில், காகிதத்தில் கடிதம் கிளம்பியிருக்கிறது. இது மட்டும் வழியில் நின்றுபோனது. இதேபோல் கிளம்பி ஒழுங்காகப் போய்ச்சேர்ந்தவை எத்தனை இருந்திருக்கும்?

இரண்டாவது சான்று சமர்கந்துக்கு இன்னும் பக்கம். இன்றைய தஜிகிஸ்தானில் ஸரஃப்ஷான் பள்ளத்தாக்கில் முக் மலைக் கோட்டை இருக்கிறது. பஞ்சிகந்தின் அரசன் தேவாஷ்திச், அரபுப் படைக்குத் தப்பி ஓடி, 722இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டவன். அவனுடைய ஆவணங்கள் அந்தக் கோட்டையில் 1933இல் கிடைத்தன. எழுபதுக்கும் மேல். சில தோலில், சில மரக்குச்சிகளில், சில காகிதத்தில். அரபு ஆளுநருக்கு அரபியில் எழுதிய கடிதம் தோலில் இருக்கிறது. யாருக்கு எதில் எழுதுவது என்பதில் ஒரு மரியாதை முறை இருந்திருக்கும் போலிருக்கிறது, இது என் ஊகம் மட்டுமே. எப்படியானாலும், தலாஸுக்கு 30 வருஷம் முன்பே ஒரு குறுநில மன்னனின் அலுவலகத்தில் காகிதம் சாதாரணமாகக் கிடந்தது.

வைத்திருப்பது வேறு, செய்வது வேறு

இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி உண்டு. காகிதம் வைத்திருந்தார்கள், சரி. செய்யத் தெரிந்திருந்ததா? பட்டுத்துணி உடுத்தியவர்கள் எல்லாருக்கும் பட்டுப்பூச்சி வளர்க்கத் தெரியாதே. முக் மலைக் காகிதம் கிழக்கிலிருந்து வாங்கி வந்ததாக இருக்கலாம். உற்பத்தி ரகசியம் மட்டும் கைதிகளோடு வந்திருக்கலாம் இல்லையா?

வந்திருக்கலாம். சில கைதிகள் அந்தப் பட்டறைகளில் வேலை செய்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் சமர்கந்துக் காகிதத்தை அதன் பொருளை வைத்துப் பார்த்தால், "ரகசியம் கைமாறியது" என்ற விளக்கம் போதாது என்று தெரிகிறது. சீனத்தில் முசுக்கட்டை இன மரங்களின் உள்பட்டை முக்கியமான மூலப்பொருள். சணல் நாரும் உண்டு. சமர்கந்திலும் அதற்கு மேற்கேயும் சணலும், ஆளி நாரும், கிழிந்த பழந்துணியும்தான் மூலப்பொருள். சீனர்கள் தூரிகையால் எழுதினார்கள், அதற்கு மென்மையான தாள் போதும். அரபியில் நாணல் பேனா. மென்மையான தாளில் அது கீறும், மை பரவும். அதனால் தாளுக்கு மாவுப்பசை போட்டு, காயவைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மினுக்கினார்கள்.

கந்தலை ஊறவைத்து இடித்துக் கூழாக்க வேண்டும். அதற்கு ஓடும் தண்ணீர் வேண்டும், பழந்துணி வாங்கிச் சேர்க்க ஆட்கள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே தாளை வாங்க ஆள் வேண்டும். இதெல்லாம் சேர்ந்தால்தான் அது தொழில். நாலு கைதிகளைக் கொண்டுவந்து உட்கார வைத்த மறுநாள் நடக்கிற காரியம் இல்லை. உள்ளூர்ப் பொருளுக்கும் உள்ளூர்ப் பேனாவுக்கும் தகுந்தபடி தொழிலையே மாற்றியமைத்தவர்கள் யாரோ இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது.

கதை கேட்காத கேள்வி

இந்தக் கதையில் எனக்குள்ள முக்கியமான குறை தேதி பற்றியது இல்லை. காகிதம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியையே அது கேட்பதில்லை.

762இல் பாக்தாத் கட்டப்படுகிறது. வரிக்கணக்கு, படைச் சம்பளம், அஞ்சல், நிலப்பதிவு என்று துறை துறையாக அலுவலகங்கள் வளர்கின்றன. பாப்பிரஸ் எகிப்திலிருந்துதான் வர வேண்டும். தோல் ஏடு விலை அதிகம், அதோடு இன்னொரு சிக்கல்: எழுதியதைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே வேறு எழுதலாம். கணக்கு வைக்கிற அரசாங்கத்துக்கு இது தலைவலி. காகிதத்தில் மை உள்ளே இறங்கிவிடும், சுரண்டினால் காட்டிக்கொடுத்துவிடும். ஹாரூன் அர்-ரஷீத் காலத்தில் அலுவலகங்கள் காகிதத்துக்கு மாறியதற்குப் பிற்காலத்து எழுத்தாளர் கல்கஷந்தி சொல்லும் காரணமே இதுதான். இப்னு கல்தூனோ அந்தப் பெருமையை ஹாரூனின் அமைச்சர் குடும்பத்தைச் சேர்ந்த அல்-ஃபள்ல் இப்னு யஹ்யாவுக்குக் கொடுக்கிறார்.

அந்தக் குடும்பம் பர்மகீயர். பல்க் நகரத்து நவபஹார் என்ற பௌத்த விகாரத்தின் தலைமைப் பொறுப்பை வழிவழியாக வகித்தவர்களின் சந்ததி. சீனாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் இடையே பௌத்தத் துறவிகள் சுவடியும் கையுமாகத் திரிந்த பாதையிலிருந்து வந்தவர்கள் பாக்தாத் நிர்வாகத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் காகிதத்தை அறிமுகம் செய்துவைக்க ஒரு போர்க்கைதி தேவைப்பட்டிருப்பாரா?

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதின் ஒரு புறநகரில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தக, காகிதக் கடைகள் இருந்ததாக யஃகூபி எழுதுகிறார். அந்தக் கடைகளுக்குப் பின்னால் இருந்தது வரி அலுவலகமும் வணிகமும் மொழிபெயர்ப்புப் பணியும். 751இல் அரபுப் படை தோற்றிருந்தாலும் அந்தத் தேவை இருந்திருக்கும், காகிதம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தேவை இல்லாத இடத்தில் தெரிந்திருந்தும் ஒன்றும் நடக்காது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மேலே சொன்ன அல்-பிரூனி அதே பகுதியில் இந்தியாவின் தெற்கே பனையோலையில் எழுதுகிறார்கள், நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவர் அதை எழுதுவதற்கு 15 வருஷம் முன்புதான், 1015இல், சோழர் தூதுக்குழு சீன அரசவைக்குப் போய்ச்சேர்ந்தது. அந்தத் தூதர்கள் சீனாவில் காகிதத்தைப் பார்க்காமல் திரும்பியிருக்க வழியே இல்லை. ஆனாலும் இங்கே ஓலையும் செப்பேடும் கல்லும் தொடர்ந்தன. பனை மரம் வாசலிலேயே நிற்கும்போது கந்தலை இடித்துக் கூழாக்க யாருக்கு என்ன அவசரம்?

அப்புறம் ஏன் இந்தக் கதை சாகவில்லை?

தேதி இருக்கிறது, போர் இருக்கிறது, திருப்பம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு பெட்டிக்குள் அடங்கும். காகிதத்தின் தொடக்கக் கதைக்கும் இதே வடிவம்தான்: 105ஆம் ஆண்டு, சீன அரசவை அதிகாரி சாய் லுன், மரப்பட்டையும் சணலும் கந்தலும் மீன்வலையும் கொண்டு காகிதம் "கண்டுபிடித்தார்". ஆனால் கன்சு மாகாணத்தில் ஃபாங்மாதான் என்ற இடத்துக் கல்லறையில் கிடைத்த காகித வரைபடத் துண்டு அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. சாய் லுன் தொழிலை மேம்படுத்தி அரசாங்க அங்கீகாரம் வாங்கிக் கொடுத்திருக்கலாம், அதுவும் பெரிய வேலைதான். பெயர் தெரியாத பலருடைய வேலை பெயர் தெரிந்த ஒருவர் கணக்கில் ஏறிவிட்டது.

தலாஸ் கதையிலும் அப்படி ஒரு கணக்கு மாறியிருக்கிறது. சீனர் கண்டுபிடித்தார்கள், அரபுகள் கைப்பற்றினார்கள் என்று இரண்டு பேரரசுகளுக்கும் ஆளுக்கொரு வரி கிடைத்துவிடுகிறது. நடுவில் நானூறு வருஷம் கடிதமும் கணக்கும் எழுதிக்கொண்டு கழுதையிலும் ஒட்டகத்திலும் போய்வந்த சோக்தியர்கள் காணாமல் போகிறார்கள். அவர்களுக்குப் பேரரசு இல்லை. அவர்கள் மொழியும் போய்விட்டது. அதன் ஒரு கிளைவழி மட்டும் தஜிகிஸ்தானின் யக்னோப் பள்ளத்தாக்கு மக்கள் பேச்சில் இருக்கிறது. "நாங்கதான் கொண்டுவந்தோம்" என்று உரிமை கொண்டாட அவர்களுக்கு இன்று ஓர் அரசும் இல்லை, பாடநூல் கழகமும் இல்லை. "யார் முதல்" என்ற போட்டியாகவே வரலாற்றைப் படித்தால் இவர்களைப் போன்றவர்கள் நிரந்தரமாகத் தோற்றுக்கொண்டேதான் இருப்பார்கள். அந்தப் போட்டியில் நமக்கும் ஆசை அதிகம் என்பதால் இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு சின்னச் சுவடு மட்டும் பாக்கி இருக்கிறது. நாம் சொல்லும் "காகிதம்" பாரசீகத்தின் "காகத்", "காகஸ்" என்ற வடிவங்களோடு தொடர்புடையது. பாரசீகத்துக்கு அது சோக்தியரிடமிருந்து வந்தது என்பது மொழியியலாளர்கள் பலர் ஏற்கும் கருத்து. அவர்கள் பெயரே தெரியாமல் அவர்கள் சொல்லைத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பழைய குறிப்பில் இருந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "நான்காம் நூற்றாண்டிலேயே சோக்திய வணிகர்களுக்குப் பழக்கமாகியிருந்த காகிதம், எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்து வட்டாரத்திலிருந்து இஸ்லாமிய உலகத்துக்குப் பரவியது, பாக்தாதின் அலுவலகங்களும் புத்தகக் கடைகளும் அதைப் பெருந்தொழிலாக்கின. தலாஸ் போர்க் கைதிகளுக்கும் இதில் பங்கு உண்டென்று பதினோராம் நூற்றாண்டு நூல்கள் சொல்கின்றன." முன்பிருந்ததைவிட நீளம்தான், மனப்பாடம் செய்யவும் வராது. இருந்துட்டுப் போகட்டும்.